கன்னியம்மா போட்ட டீயும் நம் பங்குக் கோயிலும்

அன்புள்ள சவரி,

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிடாதே. உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. சந்தோஷத்தில் பேனா ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். நேற்று ராயபுரம் கோயிலில், இரண்டாம் பூசையில், சாமியார் பிரசங்கத்தை முடித்துவிட்டு மேற்றிராணியார் ஆண்டவரின், அதாவது பிஷப்பின், உத்தரவை வாசித்தார். காலடிப்பேட்டையிலும் அதைச் சுற்றியும் இருக்கிற நாம் எல்லாரும் இனி ராயபுரத்துக்காரர்கள் இல்லையாம். நமக்குத் தனிப் பங்கு! இங்கேயே தங்குவதற்கு ஒரு சாமியார்! உன் அப்பா, எப்போதும் தூணோடு தூணாக நிற்கிற மனுஷன், கோயில் என்றும் பாராமல் "அப்பாடா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் இன்று காலை உன் கடிதம் வந்து சேர்ந்தது. "இது சுரங்கம் தோண்டுகிற புது ஊர். எங்கே பார்த்தாலும் புழுதி. இங்கே கோயிலும் இல்லை, சாமியாரும் இல்லை. நம்மவர்கள் சில குடும்பம் இருக்கலாம், யார் யார் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துப் போட்டுவிட்டுத் தூங்குகிறேன். யாரோடும் ஒட்டவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று தோன்றுகிறது. நான் ஒருவன் இருந்து என்ன ஆகப்போகிறது, நான் என்ன சாமியாரா?" என்று எழுதியிருக்கிறாய். அதைத் தெருக்கோடி வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரேசக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டி, "அந்தக் கடுதாசிய இங்க குடு, கிழிச்சுப் போடறேன். சாமியாரு இல்லியாமே! நமக்கு மட்டும் ஆரம்பத்துல இன்னா இருந்துச்சாம்? அவனுக்கு அந்த டீ கதைய முழுசா எழுதுடி" என்றாள். அதனால்தான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அறைத் தோழன் கோபாலுக்கும் படித்துக் காட்டு. நம் சமாச்சாரம் அவனுக்குத் தெரியாத இடத்தில் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நீ அப்போது செங்கல்பட்டு போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது, "நம் தெருவில் பூசை நடக்கிறது" என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். அது எப்படி நடந்தது என்று சொல்ல எங்கள் எல்லாருக்குமே வெட்கம். அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை பூசை காண வேண்டுமென்றால் ராயபுரத்துக்குத்தான் போக வேண்டும். கையில் துட்டு இருந்தால் ஜட்கா, இல்லாவிட்டால் தண்டையார்பேட்டை வழியாக நடை. ரயில்வே கேட் சாத்தியிருந்தால் பிரசங்கம் போய்விடும். உன் அப்பாவுக்குப் பேசின் பிரிட்ஜ் யார்டில் ஷிப்டு மாறி மாறி வரும். பாதி ஞாயிற்றுக்கிழமை அவர் இஞ்சினுக்கு அடியில்தான் படுத்திருப்பார். நாமாவது எப்படியோ போய் வந்தோம். திரேசக்கா என்ன செய்வாள்? மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவளுக்குக் கட்டில்தான் உலகம். ஒருமுறை ஜட்காவில் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனோம். பாதி வழியிலேயே வலி தாங்காமல் திரும்பிவிட்டோம். பாஸ்கு என்கிற ஈஸ்டர் காலத்தில் சாமியார் வந்து அவளுக்கு நன்மை என்கிற மந்திரித்த அப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் அவளுக்கு வேண்டியது ஒரு முழுப் பூசை. "கண்ண மூடறதுக்குள்ள என் வாசல்ல நின்னு ஒரு பூச காணணும்டி" என்பாள். நிற்க முடியாதவள், நின்று காண வேண்டும் என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் துணிந்து சாமியாரிடம் போய்க் கேட்டுவிட்டேன். அப்போது இருந்தவர் தெற்கத்திக்காரர், கடற்கரை ஊரில் பிறந்தவர். நல்ல மனுஷர், ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். "அம்மா, நான் ஒருத்தன். ராயபுரமே எனக்குப் பெருசு. அங்க வந்து பூச வைக்க எனக்கும் ஆசதான். நான் வந்தா யாரு இருப்பாவ? நான் போன பெறவு யாரு இருப்பாவ? மொதல்ல நீங்க கூடுங்க. ஞாயித்துக்கிழம தவறாம கூடிச் செபம் சொல்லுங்க. ஒருநாளு வந்து பாக்கேன். தயாரா இருந்தா மாசம் ஒரு பூச. இல்லன்னா என்னைய விட்டுருங்க" என்று சொல்லிவிட்டார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கூடுவதா? யார் கூட்டுவது? கோயிலைச் சாமியார் நடத்துவார், நாம் போய் முழந்தாளிட்டுவிட்டு வருவோம் என்றுதான் நான் அதுவரை இருந்தேன்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே திரேசக்கா வாசலுக்குப் போய், "போக்கா, நமக்குப் பங்கே கிடையாதாம்!" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்துக் குப்பத்துக் கன்னியம்மா மீன் கூடையோடு தெருவில் வந்துகொண்டிருந்தாள். கன்னியம்மாவை உனக்குத் தெரியும், சின்ன வயதில் உனக்கு நெத்திலி வறுத்துக் கொடுப்பாளே, அவளேதான். கூடையைத் தொப்பென்று இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னாம்மே, யாரு உனுக்குப் பங்கு குடுக்கமாட்டேன்னது? பேர சொல்லு. நானும் எங்க வூட்டுக்காரரும் வந்து கேக்கறோம்."

"ஐயோ கன்னியம்மா, அவரு ராயபுரத்துச் சாமியாரு!"

"சாமியாரா இருந்தா இன்னா? சாமியாரா இருந்துகினு அடுத்தவங்க பங்க அமுக்கலாமா? இது இன்னா அநியாயமா கீது!"

திரேசக்கா சிரித்த சிரிப்பில் இடுப்பு வலி வந்து ஐயோ ஐயோ என்று கத்தினாள். அப்புறம் அவளேதான் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "இது மீனு பங்கு இல்லடி. ஒரு கோயிலு, அதுக்கு ஒரு சாமியாரு, அத்தச் சுத்திக் கீற ஜனங்க, எல்லாஞ் சேத்துத்தான் எங்காளுங்க பங்குன்னு சொல்றது." கன்னியம்மா வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள். "அப்ப எங்க கரவலை கணக்காத்தான் கீது. கயிறு புடிச்சு இஸ்தவங்களுக்கெல்லாம் பங்கு உண்டு. ஆமா, நீங்க கயிறு புடிச்சீங்களா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு, "இஸ்க்கும்போது சொல்லுங்க, நானும் வரேன்" என்று போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்தோம், சவரி! திரேசக்கா வாசலில் பாய் விரித்துச் செபமாலை சொல்லத் தொடங்கினோம். முதல் நாள் நானும் உன் அப்பாவும், கட்டிலில் திரேசக்காவும்தான். தெருவில் போகிறவர்கள் சாவு வீடு என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்படி எட்டிப் பார்த்தவர்களில் ஒரு பெண் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறவள், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவளும் நம்மவள் என்றே எனக்கு அதுவரை தெரியாது! அவள் தன் மச்சினியைக் கூட்டி வந்தாள். மச்சினியின் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், அவர் தன் தோஸ்துகளைக் கூட்டி வந்தார். பிறகு பாய் போதவில்லை. ஒளிந்து கிடந்தது போல அத்தனை பேர் இந்தப் பேட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறோம், ஒருவரை ஒருவர் தெரியாமல். நீ "யார் யார் என்று தெரியாது" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது எனக்கு அந்த முதல் ஞாயிறுதான் நினைவுக்கு வந்தது.

கூடினால் வேலை தானாக வந்து சேரும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். பிள்ளைகள் வந்தார்கள், அவர்களுக்கு மந்திரம் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். திரேசக்கா கட்டிலில் படுத்தபடியே விசுவாச மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தாள். தப்பாகச் சொன்னால் விசிறிக் காம்பால் ஒரு தட்டு. ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் யாராவது கஞ்சி கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து ஒதுக்கி வைத்தோம், வேலை போன வீட்டுக்கு அது போயிற்று. ஒருநாள் மூட்டை தூக்குகிறவர் வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்து மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தது. ராயபுரத்துக்கு ஆள் அனுப்பிச் சாமியார் வரும் வரைக்கும் தாங்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அந்த மாதிரி ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். படித்தது வேறு, செய்வது வேறு. சொம்பில் தண்ணீர் எடுத்து, அந்தச் சின்னத் தலையில் ஊற்றி வார்த்தைகளைச் சொன்னேன். அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டது! இப்போது பள்ளிக்கூடம் போகிறது, என்னைக் கண்டால் நாக்கைத் துருத்துகிறது. இத்தனைக்கும் எங்களில் ஒருவரும் சாமியார் இல்லை.

உன் அப்பா கதை தனி. பூசையில் சாமியார் லத்தீனில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் முழந்தாளிட்டு ஒருவர் லத்தீனிலேயே பதில் சொல்ல வேண்டும். நம் தெருவில் பூசை நடந்தால் அதை யார் செய்வது? "நான் செய்யறேன்" என்றார் உன் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயிலில் மந்திரம் சொல்லிக்கொடுக்கிற ராயபுரத்து உபதேசியாரிடம் போய் அத்தனையையும் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிவந்து, யார்டில் சுத்தியலைத் தட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தார். "எத் கும் ஸ்பிரீத்து தூவோ" என்று அவர் இஞ்சினுக்கு அடியிலிருந்து சொல்வதைக் கேட்டு, கூட வேலை செய்த நாயுடு, "நைனா, உனுக்கு இன்னா பேய் புடிச்சுகிச்சா?" என்று கேட்டாராம். சாப்பிடும்போது நான் "ரசம் ஊத்தட்டா?" என்றால் "ஆமென்" என்பார். சில மாதம் எங்கள் வீடு இப்படித்தான் இருந்தது.

பொங்கல் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன் என்று சாமியார் சொல்லியனுப்பினார். சவரி, அந்த வாரம் நாங்கள் யாரும் தரையில் நடக்கவில்லை! திரேசக்கா கட்டிலில் இருந்தபடியே பார்க்க வேண்டும், அதனால் அவள் வாசலுக்கு நேரே தெருவில்தான் பீடம் என்று முடிவு செய்தோம். இஸ்திரி போடுகிறவரின் மேஜையைக் கேட்டு வாங்கினோம். அதில் சூடுபட்ட தழும்பெல்லாம் மறையும்படி, உன் அப்பாவின் கல்யாண வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து விரித்தேன். பந்தலுக்கு என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது கன்னியம்மா குப்பத்து ஆட்களோடு வந்து நின்றாள். அவர்கள் கும்பிடுவது வேறு சாமி, அவர்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "இஸ்க்கும்போது சொல்லுன்னனே, சொல்லவே இல்ல பாத்தியா" என்று என்னை ஒரு பாட்டு பாடிவிட்டு, கட்டுமரத்துப் பாயைக் கொண்டுவந்து மூங்கிலில் கட்டிப் பந்தல் போட்டுவிட்டார்கள். கொஞ்சம் மீன் வாடை அடித்தது, ஆனால் கம்பீரமாக இருந்தது.

இந்த இடத்தில் கோபாலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூசையில் சாமியார் மந்திரித்துக் கொடுக்கிற அப்பத்தை நாவில் வாங்குவதைத்தான் நாம் நன்மை வாங்குவது என்கிறோம். நமக்கு அதைவிடப் பெரியது ஒன்றுமில்லை. அதை வாங்குவதற்கு முந்தின நடு இரவிலிருந்து வாயில் ஒன்றும் படக்கூடாது, அந்த நாளில் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. இது நம்மில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் அன்றைக்கு நடந்தது.

விடியுமுன்பே தெரு நிறைந்துவிட்டது. எல்லாரும் குளித்து, வெளுத்த துணி கட்டி, பெண்கள் முக்காடு போட்டு நின்றோம். முந்தின வாரமே ராயபுரம் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனமும் செய்து முடித்திருந்தோம். சாமியார் வரவில்லை. ஆலைச் சங்கு ஊதியது, அப்போதும் வரவில்லை. கேட் சாத்தியிருக்கிறார்கள், இரண்டு கூட்ஸ் வண்டி நிற்கிறது என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். கடலிலிருந்து குளிர்காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. பந்தல் பாய் படபடவென்று அடித்தது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினோம். அப்போது தெருமுனையில் கன்னியம்மா தெரிந்தாள். அவளும் அவள் ஓரகத்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பெரிய அலுமினிய ஏனத்தில் ஆவி பறக்க டீ கொண்டுவந்தார்கள். வெல்லம் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு. "பாவம், குளுருல நிக்கிறீங்களே, குடிங்கம்மா" என்றாள்.

குடித்தோம், சவரி. எல்லாருமே குடித்தோம். ராயபுரத்துக்குப் போகும்போது கால் நடக்க நடக்க உபவாசம் நினைவில் இருக்கும். இது நம் சொந்தத் தெரு. நம் தெருவில் காலையில் எழுந்து நின்றால் கை தானாக டீக்கு நீளும். போதாததற்கு, டம்ளர்களை ஒவ்வொருவர் கையிலும் எடுத்துக் கொடுத்தது யார் தெரியுமா? உன் அம்மாதான்! விழாவை நடத்துகிறவள் என்ற ஜோரில் பந்தலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடிக் கொடுத்தேன். உள்ளேயிருந்து திரேசக்கா ஏதோ கத்தினாள். காற்றில் "குடிக்க" என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. "உனுக்கும் வருதுக்கா! பறக்காத!" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். லத்தீன் மனப்பாடத்தில் மூழ்கியிருந்த உன் அப்பா இரண்டு டம்ளர் குடித்தார்.

அந்த நேரம் சாமியார் சைக்கிளில் வந்து இறங்கினார். பூசைப் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் மேஜைமேல் எடுத்து வைத்தார். பந்தலைப் பார்த்தார், வேட்டி விரிப்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மாதம் ஒரு பூசை கிடைத்துவிட்டது என்று என் நெஞ்சு குதித்தது. அப்பச் சிமிழைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கேட்டார்: "நன்ம வாங்குதவ எத்தன பேரு? கையத் தூக்குங்க, அப்பம் எடுத்து வைக்கணும்."

அத்தனை பேரும் சந்தோஷமாகக் கையைத் தூக்கினோம். தூக்கின ஒவ்வொரு கையிலும் டீ டம்ளர்!

சாமியார் வாயைத் திறந்தபடி நின்றார். "கையில என்னது?" என்றார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஒவ்வொரு கையாகக் கீழே இறங்கியது. என் டம்ளரில் மிச்சமிருந்த டீ தளும்பி, கஞ்சி போட்ட வேட்டியின் ஓரத்தில் கொட்டியது. உன் அப்பா டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், அதனால் என்ன பிரயோஜனம்? "எல்லாருமா குடிச்சிட்டிய? ஒருத்தர்கூடவா இல்ல?" என்று சாமியார் கேட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. தயாராக இருந்தால்தான் மாதப் பூசை என்று சொன்னவர் முன்னால், ஒரு பேட்டையே டீயைக் குடித்துவிட்டு நின்றது.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "நா கீறேன் சாமி! நா ஒருத்தி கீறேன்! இந்த எருமைங்ககிட்ட வாணாம் வாணாம், குடிக்காதீங்கன்னு தொண்ட கிழியக் கத்தினேன், ஒண்ணுகூடக் கேக்கல!"

சாமியார் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். திரேசக்காவின் தலைமாட்டில், நான் ஒரு பையனிடம் கொடுத்தனுப்பிய டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. அவர் சிமிழைத் திறந்து ஒரே ஒரு சின்ன அப்பத்தை எடுத்து வைத்துவிட்டு, பூசை உடுப்பைப் போட்டுக்கொண்டார். பூசை தொடங்கியது. உன் அப்பா ஒரு வார்த்தைகூடத் தப்பாமல் பதில் சொன்னார், குரல்தான் கொஞ்சம் உடைந்திருந்தது. நன்மை நேரம் வந்தபோது சாமியார் அந்த ஒரு அப்பத்தை ஏந்திக்கொண்டு எங்கள் நடுவே நடந்து அந்த வீட்டுக்குள் போனார். நாங்கள் இரண்டு பக்கமும் தெரு மண்ணில் முழந்தாளிட்டோம். திரேசக்கா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு கண்ணை மூடினாள். கண்ணோரம் நீர் வழிந்து தலையணையெல்லாம் நனைந்தது. வெட்கமும் துக்கமும் போன இடம் தெரியாமல் என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவளுக்காகத்தானே ஆரம்பித்தோம், இவளுக்குக் கிடைத்துவிட்டதே என்று நினைத்தேன். நம் தெருவில் பூசை நடந்துவிட்டது, சவரி! அது போதும் என்று இருந்தது.

பூசை முடிந்ததும் விஷயம் கன்னியம்மாவுக்கு எட்டியது. ஏனத்தின் பக்கத்தில் குந்தியிருந்தவள் எழுந்து, முகம் செத்துப்போய் என் கையைப் பிடித்தாள். "நா கெடுத்துட்டனாம்மே?" என்றாள். எத்தனையோ பேரோடு சண்டை போட்டு ஜெயித்தவள், அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குள் சாமியார் உடுப்பைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்தார். "யாரு டீ போட்டது?" என்றார். "நான்தான் சாமி, தெரியாம..." என்று இவள் ஆரம்பித்தாள். "மிச்சம் இருக்கா? ராத்திரியில இருந்து பச்சத் தண்ணி படல" என்று அங்கேயே மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டார்! அவள் ஓடிப்போய்ச் சுடவைத்து வந்து கொடுத்தாள். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். "பந்தல்ல கெடக்க பாயி ஒங்களுதா? எங்க ஐயாவும் கடலுக்குப் போறவருதான். மீன் வாட அடிச்சதும் எனக்கு எங்க ஊரு கோயில்ல நிக்க மாதிரி இருந்திச்சு" என்றார். கன்னியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "அப்ப எங்களுக்கும் பங்கு உண்டா சாமி?" என்று கேட்டாள். "கயிறு பிடிச்சியல்லா? பெறவு ஒனக்கு இல்லன்னு எவன் சொல்லுவான்?" என்றார் அந்தக் கரவலை ஊர்க்காரர்.

நான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய், "சாமி, மாசப் பூசை..." என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒருத்திதான் தயாரா இருந்தா. ஆனா அந்த ஒருத்திக்காக இம்புட்டுப் பேரு விடியுமுன்ன வந்து குளுருல நின்னிய பாத்தியா, அது எனக்குப் போதும். அடுத்த மாசம் வாறேன். சிமிழு நெறய அப்பம் கொண்டாறேன். டீய மட்டும் பூசைக்குப் பெறவு வச்சுக்கிடுங்க" என்றார். தெரு முழுக்க ஒரே சிரிப்பு. உன் அப்பா அந்தச் சந்தோஷத்தில் "ஆமென்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதமும் தவறவில்லை. பூசை நாள் காலையில் கன்னியம்மா தெருமுனையில் நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம் "இன்னா குடிச்சே? வாய தொற" என்று சோதனை போட்டுத்தான் உள்ளே விடுவாள். இப்போது சட்டம் தளர்ந்து, தண்ணீர் குடிக்கலாம் என்று ரோமாபுரியிலிருந்தே சொல்லிவிட்டார்கள். அதை அவளிடம் சொன்னேன். "ரோமாபுரில சொன்னா சொல்லிக்கட்டும். இங்க நான் சொல்றேன், பூச முடியாம ஒண்ணும் கெடையாது" என்கிறாள். நேற்று ராயபுரத்திலிருந்து திரும்பி வந்து அவளுக்குத்தான் முதலில் சொன்னேன். "வந்துச்சா பங்கு!" என்று கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். என் புதுப் புடவை முழுக்க மீன் செதிள்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு வராதே. வந்தால் திரேசக்கா உன்னை விசிறிக் காம்பால் அடிப்பாள், நான் தடுக்க மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிறதை மத்தியானம் வைத்துக்கொள். காலையில் உன் அறை வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, சத்தமாகச் செபமாலை சொல். வெட்கமாகத்தான் இருக்கும், எங்களுக்கும் இருந்தது. யாராவது எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்க்கிறவர்களில் ஒருவர் உட்காருவார். கோபாலிடம் டீ போடச் சொல், ஆனால் பூசை வைக்கச் சாமியார் வருகிற அன்றைக்கு மட்டும் கன்னியம்மாவை நினைத்துக்கொள். இந்தக் கடிதத்தோடு அப்பாவின் கல்யாண வேட்டியையும் கட்டி அனுப்புகிறேன். இனி கட்டப்போகிற நம் கோயிலுக்கு நல்ல விரிப்பு வந்துவிட்டது. இது உன் ஊரில் ஒரு மேஜை கிடைக்கும் வரைக்கும் பெட்டியில் இருக்கட்டும். ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை இருக்கும். எத்தனை முறை வெளுத்தும் போகவில்லை, நீயும் முயற்சி செய்யாதே.

உன் கடிதத்தை மறுபடி படித்தேன். "நான் ஒருவன் இருந்து என்ன ஆகப்போகிறது" என்று கேட்டிருக்கிறாய். இத்தனை பக்கம் எழுதிய பிறகு அதற்குத் தனியாகப் பதில் எழுத வேண்டுமா, கண்ணு? ஒருநாள் உன் ஊருக்கும் ஒரு சாமியார் சைக்கிளில் வந்து இறங்குவார். சிமிழைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை பேர் என்று கேட்பார். அன்றைக்கு எல்லாரும் டம்ளரும் கையுமாக நின்றால்கூட, "நான் ஒருத்தன் இருக்கிறேன், சாமி" என்று சொல்ல நீ அங்கே இருக்க வேண்டும்.

உன் அம்மா